வண்டியைச் சுமக்கும் காற்று

புதிதாக ஒரு கார் வாங்கினால் நம்மவர் முதலிற் செய்வது அதனைக் கோயில் வாசலுக்குக் கொண்டு செல்வதாகும். ஐயர் தீபங் காட்டித் திருநீறும் சந்தனமும் இடுவார், மாலை சூட்டுவர், தேங்காய் உடைப்பர், ஈற்றில் நான்கு சில்லுகளின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை அவற்றின்மேல் ஏற்றி நசுக்குவர். அன்று சில்லுகளுக்குக் கிடைக்கும் மரியாதை அதன்பின் என்றுமே கிடைப்பதில்லை. காரின் மேனியைத் துடைக்கின்றோம், கண்ணாடியைத் துலக்குகின்றோம், எண்ணெயும் தண்ணீரும் போதுமா என்று பார்க்கின்றோம். சில்லைச் சூழ்ந்து கிடக்கும் கறுத்த டயரை மட்டும், அது காற்றுப் போய்ப் படுத்துவிட்ட நாளிலேயே நினைக்கின்றோம்.

பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுத முற்பட்டோமல்லோம். அந்தப் பிழையை நாமே செய்தோம். அதன் பயனையும் நாமே கண்டோம். ஆதலாலேயே எழுதுகின்றோம்.

மாங்குளத்துக்கு அப்பால்

2018ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் குடும்பத்தோடு கொழும்பு சென்று யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் ஆசனத்திலே மாமியும் பிள்ளைகள் இருவரும். பின்பெட்டி நிறையப் பொதிகள். புத்தளம், அநுராதபுரம், வவுனியா எல்லாம் தாண்டி மாங்குளமும் கழிந்தது. நடுப்பகல் வெயில் தார் வீதியிலே கானல் நீராய் அலைந்தது. "முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்குவோம்" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்த வேளையில், வெடி வைத்தாற்போல ஓர் ஓசை. பின்புறத்து இடச் சில்லின் டயர் வெடித்துவிட்டது. வண்டி பாம்பென நெளிந்து வீதியின் மறுபக்கம் போயிற்று. எதிரே வந்த லொறி ஒன்று நீண்ட ஒலியெழுப்பியவாறு ஒரு முழ இடைவெளியில் எம்மைக் கடந்து சென்றது. வண்டி புழுதியிலே இறங்கி நின்றபோது எவரும் பேசவில்லை. சின்னவள் அழவுமில்லை. அதுவே எமக்குப் பேரச்சமாக இருந்தது.

சற்று நேரத்தின் பின் மாமி, "தம்பி, பிள்ளையார் காப்பாற்றிப் போட்டார்" என்றார்.

மேலதிகச் சில்லைப் பூட்டிக்கொண்டு, வழியில் ஒரு டயர் கடையில் வெடித்த டயரைக் காட்டினோம். அது ஓராண்டுக்கு முன் ஒரு கடையில் மலிவாக வாங்கியது. முன்னர் எவரோ பாவித்தது. "பள்ளக் கோடுகள் ஆழமாக இருக்கின்றன, புதிது போலத்தான்" என்று கடைக்காரர் கூறியதை நம்பினோம். டயர் கடை முதியவர் அதனை உருட்டிப் பார்த்து, பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களை விரலாற் காட்டினார்: 3206. "சேர், இது பார்வைக்குத்தான் இளந்தாரி, வயதிலே கிழவன்" என்றார். 2006ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் வார்க்கப்பட்ட டயர் அது. பன்னிரண்டு ஆண்டுகள்! பின்னர், "கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். எம்மிடம் விடையில்லை.

அமுக்கம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது என ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகின்றவர் நாம். வாயுக்களின் விதிகளை மாணவர்க்கு மனனஞ் செய்விக்கின்றவர் நாம். எமது பிள்ளைகளைச் சுமந்த காற்றை நாம் அளந்து பார்க்கவில்லை. அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு தபாலட்டை அளவு நிலம்

காரைச் சுமப்பது இறப்பர் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இறப்பரும் கம்பியும் நூலும் சேர்ந்தது ஒரு பை மாத்திரமே. அப்பையினுள் அடைபட்ட காற்றே பாரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கின்றது. மாணவர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஆட்களோடு 1,200 கிலோகிராம் நிறையுள்ள காரின் பாரம் ஏறக்குறைய 2,640 இறாத்தல். டயரில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கம் இருப்பின், அப்பாரத்தைத் தாங்க 88 சதுர அங்குல நிலம் வேண்டும். அதனை நான்கு சில்லுகளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 22 சதுர அங்குலம். அஃதாவது, ஒரு தபாலட்டை அளவு. நாம் திருப்புவதும் நிறுத்துவதும் மழையில் வழுக்காமற் செல்வதும் நான்கு தபாலட்டை அளவான நிலத்தைப் பற்றிக்கொண்டேயாம்.

இந்தக் காற்றுப் பையின் வரலாறும் சுவையானது. பச்சை இறப்பர் வெயிலிற் பசையாய் ஒட்டும். குளிரில் இறுகி வெடிக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதை 1839இல் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். கடனாளியாகவே அவர் 1860இல் இறந்தார். அவர் பெயர் தாங்கிய டயர் நிறுவனம் 1898இல் வேறொருவரால் தொடங்கப்பட்டது. காற்றடைத்த டயருக்கு முதன்முதல் 1845இல் உரிமை பெற்றவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபட் வில்லியம் தொம்சன். குதிரை வண்டிகளில் அதனைப் பூட்டி ஓட்டியுங் காட்டினார். ஆயினும் உலகம் அதனை மறந்தது. 1887இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் முச்சில்லு வண்டி கல் வீதியிற் குலுங்காதிருக்கும் பொருட்டு அதனை மீண்டும் உருவாக்கினார். ஒரு தந்தையின் அன்பிலிருந்து வந்த பொருள் என இதனைச் சொல்லலாம்.

நமது நாட்டுக்கும் இக்கதையில் பங்குண்டு. ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த இறப்பர் வித்துக்கள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகளுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் பெருந்தோட்டங்கள் பலவற்றுக்கு அத்தகைய கன்றுகளே மூலமாயின.

சூடு என்னும் பகைவன்

டயரின் பகைவன் யார் என்று கேட்டால் ஆணி என்பர் சிலர். கல் என்பர் சிலர். ஆணியுங் கல்லும் வெளிப்பகைவர். உட்பகைவன் சூடு. அச்சூட்டைப் பிறப்பிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைவு.

உருளும் டயரின் ஒவ்வொரு பகுதியும் நிலத்தைத் தொடும்போது மடிந்து, விடும்போது நிமிர்கின்றது. சிறிய காரின் டயர் ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 1.8 மீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எனவே அப்பயணத்தில் டயரின் ஒவ்வோரிடமும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை மடிந்து நிமிர்கின்றது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு தடவை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிக்குஞ் சிறுவன், முறிந்த இடம் சுடுவதை அறிவான். டயரிலும் அதுவே நிகழ்கின்றது.

காற்று அளவாயிருந்தால் மடிப்புச் சிறிது, சூடுஞ் சிறிது. காற்றுக் குறைந்தால் டயர் தளர்ந்து நிலத்தில் அகலப் படியும், பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஆழமாக மடியும், சூடு ஏறும். வெயிலும், வேகமும், மிகையான பாரமும் அதனோடு கூடினால், எஃகுக் கம்பிப் பட்டைகளை இறப்பரோடு பிணைக்கும் பிடிப்புத் தளரும். முதலில் பட்டையின் ஓரத்திலே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புத் தோன்றும். அது உள்ளே வளரும். ஒருநாள் மேற்பட்டை தோலுரிந்தாற்போலக் கழன்று பறக்கும்.

இதனை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆந் திகதி, அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனம், பாவனையில் இருந்தனவாகக் கணிக்கப்பட்ட 65 இலட்சம் டயர்களைத் திருப்பிப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுட் பெரும்பாலானவை போர்ட் எக்ஸ்புளோரர் என்னும் உயரமான வண்டிகளில் ஓடியவை. மேற்பட்டை கழன்றதும் வண்டிகள் பல கவிழ்ந்தன. அந்நாட்டு வீதிப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கணக்கில் இறந்தோர் தொகை 271. விபத்துக்கள் வெப்பமான தென் மாநிலங்களிலும் கோடை காலத்திலும் மிகுதியாக நிகழ்ந்தமை கவனிக்கத்தக்கது. இவ்வளவுக்கும் காரணம் யாது என்பதிலே இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றஞ் சாட்டின. குறிப்பிட்ட ஒரு தொழிற்சாலையின் டயர்களே பழுது என்றது வண்டி செய்த நிறுவனம். வண்டிக்குக் குறித்த 26 இறாத்தல் காற்று போதாது என்றது டயர் செய்த நிறுவனம். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நிலைத்த உறவு 2001இல் முறிந்தது. ஆயினும் ஒரு நன்மை விளைந்தது. டயரிற் காற்றுக் குறைந்தால் சாரதிக்கு விளக்கால் அறிவிக்கும் கருவி வேண்டும் என்னுஞ் சட்டம் அங்கே பிறந்தது. ஐரோப்பாவிலும் 2014 முதல் புதிய கார்கள் யாவற்றுக்கும் அது கட்டாயமாயிற்று. நமது வீதிகளில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் அவ்விளக்கு இல்லை. அங்கே நமது கண்ணும் கையுமே விளக்கு.

காற்றை அளக்கும் முறை

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு விடை, பெரும்பாலும் சாரதியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சிறு அட்டையில் உள்ளது. டயரின் பக்கச் சுவரிலுள்ள அமுக்க எண்ணைப் பார்த்து அடிப்பவரும் உளர், அது தவறு. அவ்வெண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவேயன்றி, உங்கள் வண்டிக்கு உரிய அளவன்று. ஆட்களும் பொதிகளும் நிறைந்த நீண்ட பயணத்துக்கு வேறு அளவு வேண்டுமாயின், அதுவும் அந்த அட்டையிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். ஓடிய டயரில் காற்றுச் சூடேறி விரிய முயல்வதால் அமுக்கம் சில இறாத்தல் கூடிக் காட்டும். அதனைக் கண்டு அஞ்சிக் காற்றை இறக்கிவிடுவோர் அறியாமல் ஆபத்தைத் தேடுகின்றனர். டயர் குளிர்ந்ததும் அளவு குறைந்துவிடும். ஆணி ஏறாத நல்ல டயரிலும் மாதத்துக்கு ஓரிரு இறாத்தல் காற்றுத் தானே கசியும். ஆதலால் மாதம் ஒருமுறையும், நெடும் பயணத்துக்கு முன்னும் அளத்தல் முறை. மேலதிகச் சில்லையும் மறத்தலாகாது. தேவைப்படும் நாளில் அதுவும் படுத்துக் கிடந்தால் யாரை நோவது?

வயது என்னும் மறை நோய்

இனி, எமது டயரின் கதைக்கு வருவோம். இறப்பரும் மனித உடலைப் போல முதுமையடைவது. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெயிலுஞ் சேர்ந்து அதன் நெகிழ்ச்சியைக் குறைக்கின்றன. ஓடாமல் வீட்டில் நின்ற வண்டியின் டயரும், மூலையிற் கிடந்த மேலதிகச் சில்லின் டயரும் இதற்கு விலக்கல்ல. மேற்பட்டை தேயாமையால் அவை புதியன போலத் தோன்றும். உள்ளே பிணைப்பு உலர்ந்திருக்கும்.

எனவே டயர் வாங்குவோர் பள்ளக் கோட்டை மட்டும் பாராது, பக்கச் சுவரில் வார்க்கப்பட்ட நான்கு இலக்கங்களையும் தேடிப் படித்தல் வேண்டும். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. வண்டி செய்வோர் பலர் ஆறு ஆண்டுகளில் மாற்றுமாறு சொல்கின்றனர். டயர் செய்வோர் பலர் பத்தாண்டுக்கு மேற் பாவித்தல் கூடாது என்கின்றனர். எழுத்தறிந்த நாம் எத்தனையோ நூல்களைப் படிக்கின்றோம். இந்த நான்கு இலக்கங்களைப் படியாதிருந்தமையால் ஒரு குடும்பம் அழிந்திருக்கக்கூடும்.

மழையும் பள்ளக் கோடுகளும்

பள்ளக் கோடுகள் அழகுக்காக அமைந்தனவல்ல. மழை வீதியிலே டயருக்குங் கல்லுக்கும் நடுவே நிற்கும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் வெள்ளம் நிற்பதுபோல, கோடுகள் தேய்ந்தால் நீர் வெளியேறாது. டயர் நீரின்மேல் ஏறி மிதக்கும். அப்போது சுக்கானைத் திருப்பினும் பயனில்லை. தடுப்பை மிதிப்பினும் பயனில்லை. இதற்கும் காற்றுக்கும் தொடர்புண்டு. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்தார் 1960களில் ஓர் எளிய விதியை வகுத்தனர். டயரின் அமுக்கத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆற் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் வரும். 30 இறாத்தலுக்கு அது மணிக்கு ஏறக்குறைய 57 மைல், அதாவது 91 கிலோமீற்றர். 20 இறாத்தலுக்கு 46 மைல், அதாவது 75 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. காற்றுக் குறைந்த டயர் முந்தி மிதக்கும்.

பள்ளக் கோட்டின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைதல் கூடாது என்பது ஐரோப்பிய நாடுகளின் சட்டம். டயரிலேயே அதற்கு அளவுகோலும் உண்டு: கோடுகளின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் குறுக்கே இருக்கும். மேற்பட்டை தேய்ந்து அம்மேடுகளோடு சமமானால், டயரின் ஆயுள் முடிந்தது எனக் கொள்க. மாரி மழையில் ஓட்டுவோர் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுதல் அறிவுடைமை.

டயர் சொல்லும் செய்தி

வைத்தியர் நாக்கைப் பார்த்து நோயை அறிவதுபோல, தேய்வைப் பார்த்து வண்டியின் குறையை அறியலாம். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு நிமிர்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்து ஓரங்கள் நிமிர்ந்திருந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லுகளின் நேர்மை பிசகியிருக்கின்றது. இடையிடையே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அதிர்வு தாங்கியையோ, சில்லின் சமநிலையையோ பார்ப்பிக்க வேண்டும்.

பக்கச் சுவரிலே கொப்புளம்போல ஒரு வீக்கம் தோன்றினால், குழியிலோ கல்லிலோ மோதியதால் உள்ளேயுள்ள நூல்கள் அறுந்துவிட்டன என்பது பொருள். அதற்கு மருந்தில்லை, உடனே மாற்றுக. மேற்பட்டையில் ஏறிய ஆணியின் துளையை உரிய முறையில் அடைக்கலாம். பக்கச் சுவரின் துளைக்கு ஒட்டுப்போடுதல் ஆகாது. ஓயாமல் மடியும் இடத்தில் ஒட்டு நில்லாது. டியூப் இல்லாத டயரில் ஆணி தைத்திருப்பதைக் கண்டால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். அந்த ஆணியே சிறிது நேரம் துளையை அடைத்துக்கொண்டிருக்கும்.

இத்தனை கவனத்தின் பின்னும் ஒரு டயர் வெடிக்குமாயின் என் செய்வது? அச்சத்தால் தடுப்பை அழுத்தி மிதிப்பதே பலரும் செய்யும் பிழை. அது வண்டியைச் சுழற்றிவிடும். சுக்கானை இரு கைகளாலும் இறுகப் பற்றி, வண்டியை நேரே வைத்து, வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானே தணிந்தபின் ஓரமாக ஒதுங்குக. இரண்டு டயர் மாத்திரம் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின் சில்லுகளுக்கு இடுக. பின்புறம் வழுக்கினால் வண்டி சுழலும்; அதனைத் திருத்துதல் எளிதன்று.

கழித்த டயரையும் வளவின் மூலையில் எறிந்துவிடலாகாது. மழை நீர் அதில் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அது தொட்டிலாகும். வீதியிலே நம்மைக் காத்த பொருள் வீட்டிலே நமக்குக் கேடாதல் வேண்டா.

முறிகண்டியில்

இப்போது எமது வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாதத்து முதல் ஞாயிறு காலையும் சின்னவள் அமுக்கமானியோடு வருவாள். அன்று அழாதிருந்த பிள்ளை, இன்று நான்கு சில்லுகளையும் தானே அளந்து, மேலதிகச் சில்லையும் விடாது, ஒரு கொப்பியில் எழுதி வைக்கின்றாள். ஓர் எண் குறைந்தாலும் பெற்றோல் நிலையத்துக்குப் போகாமல் எம்மை விடுவதில்லை. வகுப்பறையில் நாம் கற்பித்த எந்தப் பாடமும் இத்துணை நன்றாகப் பதிந்ததில்லை.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கடந்து செல்லும் வண்டிகள் அங்கே நின்று செல்வது நெடுநாளைய வழக்கம். நாமும் இறங்குகின்றோம், தேங்காய் உடைக்கின்றோம், கச்சான் வாங்குகின்றோம். பின்னர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, ஒவ்வொரு டயரின் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்க்கின்றோம். மற்ற மூன்றினும் ஒன்று மிகச் சூடாக இருந்தால், அதிலே ஏதோ குறையுண்டு. அதனைக் கண்டபின்பே புறப்படுகின்றோம். சென்றமுறை மாமி இதனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளையாரில் நம்பிக்கை இல்லையோ, தம்பி?" என்றார்.

"நம்பிக்கை உண்டு, மாமி. அவருக்கு வேலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கின்றோம்" என்றோம். மாமி சிரித்தார்.